எட்டாம் பலகையில் இரண்டு ஓட்டைகள்

கேட்பவர்களே, ஒரு வேண்டுகோள். பாதியிலேயே எனக்காக உச்சுக்கொட்டாதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். அந்த நாளை நினைத்தால் இன்றும் என் வயிறு எரிகிறது.

தொள்ளாயிரம் மீட்டர் ரைஃபிள் போட்டி. ஆளுக்குப் பத்துக் குண்டு, குண்டுக்குப் பத்துப் புள்ளி. அவ்வளவு தூரத்தில் கண்ணும் கையும் பாதி வேலைதான் செய்யும். மீதி காற்றின் கையில். வலப்பக்கத்துக் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளிவிடும். அதை ஈடுகட்ட ரைஃபிளின் திருகைச் சில கிளிக் திருப்பி வைக்க வேண்டும். எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம்: ஒருத்தி சுடும்போது அவள் தோழி பின்னால் உட்கார்ந்து, தொலைநோக்கியில் காற்றுக்கொடியைப் பார்த்து, எத்தனை கிளிக் என்று சொல்வாள். இருவரும் ஒரே பரிசுக்கு நின்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

என் தோழி சகாயமேரி. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். முதலிடத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. எனக்கு வயது வரம்பு முடிய ஒன்பதே நாள். அவளுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது.

முதலில் நான் சுட்டேன், சகாயம் காற்றுப் பார்த்தாள். கடைசிக் குண்டுக்கு விரலை வைத்துவிட்டேன். "இருடி பொற்கொடி! கொடி விழுந்துடுச்சு, ஒண்ணு போதும்" என்று தடுத்தாள். திருகை ஒன்றுக்குத் திருப்பிவிட்டுச் சுட்டேன். பத்து! மொத்தம் தொண்ணூற்றாறு.

அடுத்து அவள் முறை, எட்டாம் இலக்குப் பலகை. பக்கத்து ஏழாம் பலகையில் வேறு ஊர்க்காரி வெண்ணிலா. ஒன்பது குண்டில் சகாயத்துக்கு எண்பத்தேழு. கடைசிக் குண்டு பத்து என்றால் வேலை அவளுக்கு. ஒன்பது என்றால் இருவரும் சமம். சமமானால் கடைசிக் குண்டில் பெரியது எடுத்தவளுக்கே பரிசு, அதாவது எனக்கு.

அந்த நேரம் பார்த்துத் தரையிலிருந்து புழுதி கிளம்பியது. வெண்ணிலா அவசரமாகத் திருகை நாலு கிளிக்குக்குக் கொண்டுபோனாள்.

"எத்தனைடி?" என்றாள் சகாயம்.

"ரெண்டு. பழையபடிதான்."

இரண்டு ரைஃபிள்களும் ஒன்றாக வெடித்தன. சகாயத்தின் குண்டு போன தடம் தொலைநோக்கியில் தெரிந்தது. "ஒன்பது, இடப்பக்கம்" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொரு குண்டுக்கும் பழைய ஓட்டையை ஒட்டி மூடிவிடுவார்கள். பலகைகளைத் தூக்கிக் காட்டினார்கள். எட்டாம் பலகையில் இரண்டு ஓட்டைகள்! ஒன்று இடப்பக்கம், ஒன்பது. இன்னொன்று நட்டநடுவில், பத்து. ஏழாம் பலகை வெறுமையாக இருந்தது. திருகைத் திருப்பிய அவசரத்தில் வெண்ணிலா பக்கத்துப் பலகையைக் குறிபார்த்துவிட்டாள்.

"ஐயோ, நடுவுல இருக்கறது என்னோடதுங்க!" என்று அழுதாள்.

"குண்டுல பேரா எழுதியிருக்கு?" என்றார் நடுவர். பலகை மாறிச் சுட்டவளுக்குப் பூஜ்யம். பலகைக்குரியவள் எது தன்னுடையது என்று சொன்னால் அதுவே கணக்கு. தெரியாது என்றால் இரண்டில் பெரியது அவளுக்கு. விதி அப்படி.

நடுவர் சகாயத்தைக் கேட்டார். அவள் இரண்டு ஓட்டைகளையும் பார்த்தாள். வெண்ணிலாவின் திருகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க சார்."

"அடிப்பாவி! ஒன்பதுன்னு இப்பத்தானே சொன்னேன்!" என்று கத்தினேன். போட்டியாளர் சாட்சி செல்லாது என்றார் நடுவர். கூடப் பழகிய பழக்கமெல்லாம் ஒரு சொல்லில் போயிற்று. ரைஃபிளைப் பைக்குள் வைத்தபடி சகாயம் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ரெண்டு கிளிக்னுதானே சொன்னே?"

வேலை அவளுக்குப் போனது. என் ஒன்பது நாளும் ஓடிப்போயின.

இப்போது சொல்லுங்கள். பத்தைச் சுட்டும் பூஜ்யம் வாங்கிய வெண்ணிலா, சுடாத பத்தை வாங்கிக்கொண்ட சகாயம், கைக்கு வந்ததைப் பறிகொடுத்த நான். இந்த மூவரில் முதல் துரோகம் யாருடையது?

விடை: ஒரே நொடி, ஒரே காற்று, ஒரே பலகை. நாலு கிளிக் வைத்த குண்டு நடுவில் விழுந்தது. இரண்டு வைத்தது இடப்பக்கம் போனது. ஓட்டைகளைப் பார்த்ததுமே சகாயத்துக்குப் புரிந்துவிட்டது. அவள் சொன்னது இரண்டாவது பொய். கொடி விறைத்து நின்றதை நான் தொலைநோக்கியில் பார்த்தேன். நாலு என்று நாக்கு நுனிவரை வந்தது. எனக்கு அவள் சொன்ன அந்த "இருடி"யை நான் அவளுக்குச் சொல்லவில்லை.