கால்விரல்களுக்குப் பேட்டி கொடுத்த மகாராஜா

முன்னொரு காலத்தில், கழுத்து என்ற உறுப்பு வளையக்கூடியது என்பதையே மறந்துபோன ராஜா ஒருவர் இருந்தார். பெயர் செண்பகமாறர். பட்டப்பெயர் வணங்காமுடி. அவருடைய தாத்தா ஏதோ ஒரு சக்கரவர்த்திக்குத் தலைவணங்க மறுத்து வாங்கிய பட்டம் அது. தாத்தா சக்கரவர்த்திக்கு மட்டும்தான் வணங்கவில்லை. சோறு தின்ன, செருப்பு மாட்ட, பேரனை முத்தமிட எல்லாம் நன்றாகவே குனிந்தார். பேரன் அப்படியில்லை. பட்டம் என்றால் பட்டம் என்று எதற்குமே குனியாமல் இருந்துவிட்டார்.

அவர் சாப்பிடும்போது இலையை ஒரு பலகையில் வைத்து, இரண்டு ஆட்கள் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ரசம் பரிமாறும் நேரத்தில் அந்த இருவர் பாடு திண்டாட்டம். படி இறங்கும்போது முன்னால் ஒருவன், "படி, மகாராஜா, இன்னொரு படி" என்று ஓதிக்கொண்டே போவான். போதாததற்குக் கிரீடம் வேறு. தாத்தாவின் முடியில் அப்பா ஒன்பது கல் பதித்தார். இவர் ஒரு தங்கக் கருடனையே ஏற்றி உட்கார வைத்தார். தூங்கும்போதும் அதைக் கழற்றுவதில்லை. ஏழு தலையணை அடுக்கி, உட்கார்ந்த வாக்கில்தான் தூக்கம்.

இப்படி இருந்தால் வலி வராமல் வேறென்ன வரும்? கழுத்தில் தொடங்கியது, தோளுக்கு இறங்கியது, முதுகில் குடியேறியது. இடக்கையில் சுண்டுவிரல் வரைக்கும் சுரீர் சுரீர் என்று இழுத்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருஷம். "கைக்குள் எறும்பு ஊர்கிறது!" என்று ராஜா அலறியபோது, தலைமை அமைச்சர் பிரமாதிராயர் நாட்டிலுள்ள எறும்புகளையெல்லாம் நாடுகடத்த உத்தரவு போட்டார். சேவகர்கள் வெல்லக்கட்டியைக் கயிற்றில் கட்டி எல்லைவரை இழுத்துப் போனார்கள். எறும்புகளும் வரிசையாகப் பின்னால் போயின. எல்லையில் வெல்லத்தைத் தின்று தீர்த்துவிட்டு, வரிசையாகவே திரும்பி வந்தன.

அரண்மனை வைத்தியர் தன்வந்திரிபட்டர், "கழுத்து அசையவே கூடாது" என்று மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டார். கழுத்து கட்டிய இடத்திலேயே நின்றது. வலிதான் உடம்பெல்லாம் உலா போய்வந்தது.

ஒருநாள் சபையில் ராஜாவுக்கு ஒரு தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல்தான். ஆனால் அது கழுத்தைப் பிடித்து உலுக்கியதில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த நீரைச் சபை பார்த்துவிட்டதே என்ற கோபம் வலியைவிடப் பெரிதாக வந்தது.

"வரும் பௌர்ணமிக்குள் என் கழுத்து குணமாக வேண்டும். ஆகாவிட்டால், வைத்தியம் பார்த்தவன் கழுத்து அவன் உடம்பில் இருக்காது!"

எல்லாரும் பட்டரைப் பார்த்தார்கள். பட்டர் இப்படி எத்தனையோ பௌர்ணமி பார்த்தவர்.

"மகாராஜா, மருந்தில் தீராதது விகடத்தில் தீரும் என்பது சாஸ்திரம். நம் குற்றாலநம்பி இருக்கும்போது, அந்தப் பெருமையை நான் தட்டிப் பறிக்கலாமா?"

குற்றாலநம்பி அந்தச் சபையின் விகடகவி. சிரித்தால் கழுத்து வலிக்கிறதென்று ராஜா சிரிப்பை நிறுத்தி மூன்று வருஷம் ஆகியிருந்ததால், பாவம், அவனுக்கு வேலையே இல்லை. கடைசித் தூணருகே நின்று பொரிகடலை மென்றுகொண்டிருந்தான். அவனை ஒழிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த பட்டரும் பிரமாதிராயரும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்சிமிட்டிக்கொண்டார்கள். நம்பிக்குக் கடலை தொண்டையில் சிக்கியது.

"நம்பி, எமக்கு வந்திருக்கும் நோய் என்ன?" என்று கேட்டார் ராஜா.

நம்பி அவரை ஒருமுறை சுற்றி வந்தான். பத்தையைப் பார்த்தான், கருடனைப் பார்த்தான். பிறகு கைகட்டிச் சொன்னான்:

"தலைக்கனம், மகாராஜா."

சபை மூச்சை உள்ளே இழுத்தது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்த பிரமாதிராயருக்கு அவல் கிடைத்துவிட்டது.

"ராஜநிந்தனை! எங்கள் மகாராஜாவுக்கா தலைக்கனம்? அவர் தலையில் கடுகளவு கனமும் கிடையாது!"

"எள்ளளவும் கிடையாது!" என்றார் பட்டர்.

"இரண்டு பெரியவர்களும் சபையறியச் சொல்லிவிட்டார்கள்" என்றான் நம்பி. "கனம் உண்டு என்கிறேன் நான். இல்லவே இல்லை என்கிறார்கள் அவர்கள். வாய்ச்சண்டை எதற்கு? நிறுத்துப் பார்த்துவிடலாம், மகாராஜா."

அரண்மனைத் தட்டானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கிரீடம் ஒரு முற்றிய பலாப்பழத்தின் எடை இருக்கும் என்றான் அவன். உடனே தோட்டத்திலிருந்து இரண்டு பலாப்பழம் வந்தது. அமைச்சர் தலையில் ஒன்று, வைத்தியர் தலையில் ஒன்று. பட்டர் சும்மாடு கேட்டார்.

"மகாராஜாவுக்கு ஏது சும்மாடு?" என்றான் நம்பி. "எள்ளளவும் இல்லாத கனத்துக்குச் சும்மாடு எதற்கு, சுவாமி?"

பொழுது சாயும்வரை இருவரும் அப்படியே நின்றுவிட்டால் நம்பியின் தலை உருளும் என்று பேச்சு. முதல் நாழிகையில் இருவரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாம் நாழிகையில் சிரிப்பு போயிற்று. மூன்றாம் நாழிகையில் பிரமாதிராயர் ஒரு பக்கமும் பட்டர் மறுபக்கமும் சாய்ந்து, இரண்டு பலாப்பழமும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றன. நாலாம் நாழிகையில் பட்டர், "ஐயோ, கழுத்து!" என்றார். அமைச்சரோ, "சுண்டுவிரலில் எறும்பு! எறும்பு!" என்று கத்தினார்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள்" என்றான் நம்பி. "கழுத்துவலியையும் சேர்த்துக்கொள்ளலாம்."

ராஜாவின் மீசை லேசாகத் துடித்தது. ஆனாலும் அவர் இறங்கி வரவில்லை. "கனம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காக முடியை இறக்கினால் நான் வணங்காமுடி ஆவேனா? குனிந்தால் என் தாத்தாவின் பட்டம் என்னாவது?"

"பட்டத்தை ஒருமுறை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், மகாராஜா. வணங்கா... முடி. வணங்கக்கூடாதது முடி. கழுத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்தாவது இருக்கிறதா?"

ராஜா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். இல்லைதான்.

சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ஒரு தேக்குக் கம்பம் நட்டு, கிரீடத்தை அதன் உச்சியில் ஏற்றினார்கள். "புயலே வந்தாலும் இந்த முடி வணங்காது. மனிதக் கழுத்தை நம்பி இருந்தவரைக்கும்தான் ஆபத்து" என்றான் நம்பி. மூங்கில் பத்தையும் அவிழ்ந்தது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம்பி நினைத்தான். போகவில்லை. மூன்று நாள் ஆகியும், முடி இறங்கியதே தவிர வலி இறங்கவில்லை. பட்டர் ஊரெல்லாம் பௌர்ணமிக்கு நாள் எண்ணிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அரண்மனையில் தலை வெட்டுகிறவன் எதிரே வந்தபோது நம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, கழுத்தைப் பார்த்துப் பேசினான்.

வீட்டுக்கு வந்து நம்பி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். உயிர்ப்பயம் பெரிய பயம். விகடகவிக்கும் அது விகடமாக இருப்பதில்லை.

அவன் மனைவி உலகம்மை தன் தாலிக்கயிற்றைத் தொட்டுக்கொண்டு கேட்டாள்: "உங்க கழுத்து போச்சுன்னா என் கழுத்துல இருக்கறது என்ன ஆகும்? யோசிச்சீங்களா? எதுக்கு அந்த ஆளுக்கு வைத்தியம் பார்க்க ஒத்துக்கிட்டீங்க?"

"நான் எங்கடி ஒத்துக்கிட்டேன்? மாட்டி விட்டுட்டானுங்க. கிரீடத்தை இறக்கியாச்சு. இன்னும் வலிக்குதுங்கறாரு."

"வலிக்காம? நானும் தினம் நாலு குடம் சுமக்கறேன். குடத்த இறக்கின ஒடனே கழுத்து சரியாப் போயிடுமா? அது பயந்து போயி வெடைச்சுக்கிட்டுல்ல கிடக்கும்! கள்ளன் ஓடினப்பறமும் நாய் கொலைக்கற மாதிரி. அத அடிச்சா இன்னும் கொலைக்கும். கட்டிப்போட்டா ராவெல்லாம் கொலைக்கும். மெள்ளத் தடவிக் குடுத்து, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு கொஞ்சம் கொஞ்சமா நடத்திக் கூட்டிட்டுப் போகணும். ஒங்க ராசா கழுத்த அசைச்சு எத்தனை வருசமாச்சு?"

நம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். நாடு முழுக்க வைத்தியரைத் தேடிய ராஜா, இந்த வீட்டுக்கு ஆள் அனுப்பவில்லையே என்று தோன்றியது.

மறுநாள் சபையில் அவன் தரையில் விழுந்து முறையிட்டான். "மகாராஜா, உங்கள் ராஜ்யத்தின் தென்கோடியில் பத்துக் குடிகள் மூன்று வருஷமாகப் பேட்டிக்குக் காத்துக் கிடக்கிறார்கள். அல்லும் பகலும் உங்கள் பாரத்தைச் சுமக்கிறவர்கள். ஒருமுறைகூட நீங்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை."

"யார் அவர்கள்? உடனே அழைத்து வா!"

"அவர்கள் வர முடியாது. பார்வைதான் அங்கே போக வேண்டும். உங்கள் கால்விரல்கள், மகாராஜா."

"நான் குனிவதா?"

"குடிகளை நலம் விசாரிப்பது வணக்கமா? அது கருணை அல்லவா?"

அன்றைக்கே பயணம் தொடங்கியது. வெந்நீர் ஒத்தடம் ஆனதும் பார்வை மெல்லக் கீழே இறங்கும். முதல் நாள் மார்பிலிருந்த முத்தாரம் வரை போயிற்று. "போதும், இன்று இங்கேயே முகாம்" என்றான் நம்பி. போகிற வழியில் இடத்தோளையும் வலத்தோளையும் திரும்பிப் பார்த்து, இரண்டு சிற்றரசர்களையும் ராஜா விசாரித்தார். மூன்றாம் நாள் தொப்பையில் முகாம். அதைக் கடக்க மூன்று நாள் ஆயிற்று, பிரதேசம் பெரிது. ஏழு தலையணை ஒன்றாயிற்று.

ஆறாம் நாள் ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது. ஒரே பாய்ச்சலில் முழங்காலுக்குப் போனார். சுரீர் என்றது, மறுநாள் எழுந்திருக்கவில்லை. நம்பி உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே போய்ச் சொன்னான்: "ஒரு முகாம் பின்வாங்கலாம், மகாராஜா. படையைக் கலைத்துவிட வேண்டாம்." ராஜா முணுமுணுத்தபடியே தொப்பைக்குத் திரும்பினார்.

பௌர்ணமி வந்தது. காலைச் சபை நிரம்பியிருந்தது. தலை வெட்டுகிறவனும் வாளோடு வந்து நின்றான். ராஜா இன்னும் விரல்களைக் கண்டிருக்கவில்லை. முந்தின நாள் கணுக்கால்வரைதான் போயிருந்தார். அவர் சிம்மாசனத்தில் அமர்ந்ததும், வழக்கம்போல் எல்லாரும் சாஷ்டாங்கமாக விழுகிற சத்தம் தொப் தொப் என்று கேட்டது. சங்கு ஊதும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது முறை.

ராஜா மெல்லத் தலையைத் தாழ்த்தினார். மார்பு, தொப்பை, முழங்கால், கணுக்கால். கடைசியில் பத்து விரல்களும் தெரிந்தன. "நலமா?" என்று கேட்டார், குரல் தழுதழுக்க. அப்புறம், வந்ததுதான் வந்தோம் என்று, விரல்களுக்கு அப்பாலும் கொஞ்சம் பார்த்தார்.

பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார்.

சாஷ்டாங்கமாக விழுந்து கிடக்க வேண்டிய பிரமாதிராயர், சப்பணமிட்டு உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பட்டர் தூணில் சாய்ந்து காலை நீட்டியிருந்தார். பின்னால் நாலு பேர் தரையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடினார்கள். மூன்று வருஷமாக யாரும் விழவே இல்லை. உள்ளங்கையால் தரையைத் தட்டினால் தொப் என்று கேட்கும், மகாராஜாதான் கீழே பார்ப்பதில்லையே! குற்றாலநம்பி ஒருவன்தான் நிஜமாகவே குப்புற விழுந்து கிடந்தான், பயத்தில்.

"அடடா!" என்றார் ராஜா. "இந்த நாட்டில் நான் ஒருவன்தான் வணங்காமுடி என்று இத்தனை நாள் நினைத்துவிட்டேனே!"

பட்டரின் கால் சட்டென்று மடங்கியது. அமைச்சரின் வாயிலிருந்து வெற்றிலை விழுந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னால் சாய்ந்து சிரித்தார், முன்னால் குனிந்து சிரித்தார், இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிச் சிரித்தார். நடுவில் சுரீர் என்று ஒன்று வரத்தான் செய்தது. வந்தால் வரட்டும் என்று மேலும் சிரித்தார்.

"எழுந்திரு, நம்பி. உன் கழுத்து உனக்கே."

நம்பி எழுந்து, முதலில் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

பட்டரும் பிரமாதிராயரும் தினமும் காலையில் வந்து மகாராஜாவின் கால்விரல்களைக் குப்புற விழுந்து நலம் விசாரிக்க வேண்டும், ஆளுக்கு ஐந்து என்று தீர்ப்பாயிற்று. நம்பிக்குப் பத்து மா நன்செய் நிலம் கிடைத்தது. "அதோடு என் பட்டத்தையும் நீயே எடுத்துக்கொள்" என்றார் ராஜா.

"நிலம் போதும், மகாராஜா. வணங்காமுடி என்று பேர் வைத்துக்கொண்டு உலகம்மை முன்னால் போய் நிற்க என்னால் ஆகாது."

ராஜா மறுபடி சிரித்தார். அந்த ராஜாவும் போய்ச் சேர்ந்தார், அந்தக் கருடனும் எங்கேயோ பறந்துபோயிற்று. இவ்வளவு நேரம் அசையாமல் கதை கேட்ட புண்ணியவான்களே, கொஞ்சம் கழுத்தைத் திருப்பி உட்காருங்கள்.