தழும்பு முகத்துப் படை

முன்னொரு காலத்தில் வெண்மணல் நாடு என்றொரு நாடு. அதைக் குமணவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் திடீர் திடீரென்று ஏதாவது ஒரு பித்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு வருஷம் ஊரில் எல்லாரும் வெள்ளைப் பசுதான் வளர்க்க வேண்டும் என்றார். அடுத்த வருஷம் சபையில் யாரும் தும்மக் கூடாது என்றார். அதற்கப்புறம் வந்த பித்துதான் பொல்லாதது.

"அம்மைத் தழும்பு விழுந்த முகம் எதுவும் இனி என் அரண்மனைக்குள் தெரியக் கூடாது!"

இதை ராஜாவின் காதில் ஓதியவர் அரண்மனை அதிகாரி மன்மதராயர். பளிங்கு மாதிரி முகம் அவருக்கு. நாளெல்லாம் கண்ணாடியும் கையுமாக இருப்பார். அமைச்சர் அறவாழியின் ஆசனத்தின் மேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

உத்தரவு வந்ததும் வாசல் காவலர்கள், தேரோட்டிகள், சமையல்கட்டு இருளாயி என்று ஒரு கூட்டமே வேலை இழந்து வெளியே வந்தது. அறவாழி எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ராஜா கேட்கவில்லை. கடைசியில் அறவாழியே அத்தனை பேரையும் தன் மாந்தோப்பில் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் ஆற்றுக்கு அக்கரையில் வாகைமேட்டில் பெரியம்மை கண்டது. தேர் பார்க்க மாமன் வீட்டுக்குப் போயிருந்த இளவரசி கொன்றை நாச்சியாரும் படுத்துவிட்டாள். ஊரே படுத்துக் கிடக்க, கஞ்சி காய்ச்சக்கூட ஆளில்லை என்று சேதி வந்தது.

ராஜா துடித்துப்போனார். "ராயரே, உம்முடைய ஆட்களை உடனே அனுப்பும்!"

ராயர் திரும்பிப் பார்த்தார். ஒருவனுக்கு வயிற்றுவலி. இன்னொருவனுக்கு முழங்கால் பிடிப்பு. மூன்றாமவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்து, தான் அங்கே இல்லாத மாதிரி நின்றான்.

ராயர் சமாளித்தார். "மகாராஜா, இதற்கெல்லாம் புத்தி வேண்டும். அறவாழியாரிடம்தான் அது மூட்டை மூட்டையாக இருக்கிறதே! அவர் ஆள் அனுப்பட்டும். போகிறவர்களில் ஒருவனுக்கு அம்மை கண்டாலும் அமைச்சர் பதவியை என்னிடம் விட்டுவிடட்டும்."

"ஆகட்டும்" என்றார் அறவாழி. "ஆனால் யாரை அனுப்புவது என்பது என் இஷ்டம். திரும்பி வந்ததும் அவர்கள் நேரே இந்தச் சபைக்குள் வருவார்கள். யாரும் தடுக்கக் கூடாது."

"வாக்குக் கொடுத்தேன்!" என்றார் ராஜா.

அறவாழி மாந்தோப்புக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் இருளாயி கரண்டியோடு எழுந்துவிட்டாள்.

"எங்களைத் தூக்கி எறிஞ்ச ராஜாதான். ஆனா அந்தப் புள்ள என் கையால சாப்பிட்டு வளர்ந்தது. நீங்களும் வாறீங்களா சாமி?"

"எனக்கு அம்மை வந்ததே இல்லை, இருளாயி. நான் வந்தால் உனக்கு ஒரு நோயாளி கூடும், அவ்வளவுதான்."

அவள் சிரித்துக்கொண்டே படகில் ஏறினாள். பின்னாலேயே எல்லாரும் ஏறினார்கள்.

வாகைமேட்டில் அவர்கள் கஞ்சி காய்ச்சினார்கள், வேப்பிலையால் விசிறினார்கள், இரவு பகலாக நோயாளிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஊர் மெல்ல எழுந்து உட்கார்ந்தது, இளவரசி தேறிவிட்டாள் என்று அரண்மனைக்குச் சேதியும் போனது. நோய் முற்றிலும் ஓய்ந்த பிறகு, உடுத்திய துணியை எரித்து, ஆற்றில் முழுகிப் புதுத் துணி கட்டிக்கொண்டு திரும்பினார்கள். ஒருவருக்கும் ஒரு கொப்புளம் இல்லை.

சபைக்குள் அவர்கள் நுழைந்ததும் ராயர் மூக்கைப் பொத்திக்கொண்டு அலறினார். "தழும்பு முகங்கள்! மகாராஜா, இதில் ஏதோ மாந்திரீகம் இருக்கிறது!"

"மாந்திரீகமும் இல்லை, மண்ணும் இல்லை" என்றார் அறவாழி. "மன்னா, நம் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் ஒரு காவல்படை இருக்கிறது. புதுத் திருடன் நுழைந்தால் அதற்கு முதலில் ஆள் அடையாளம் தெரியாது. தடுமாறும், சண்டை போடும். அந்தச் சண்டையின் சூடுதான் காய்ச்சல். ஜெயித்துவிட்டால் காவலர்களில் சிலர் அந்தத் திருடனின் முகத்தை ஆயுசுக்கும் மறப்பதில்லை. அவன் மறுபடி வந்தால் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துவிடுவார்கள். இவர்கள் அந்தச் சண்டையை ஒருமுறை ஜெயித்தவர்கள்."

"அப்படியானால் என் உடம்பில் காவல்படை இல்லையா?" என்று ராயர் சீறினார்.

"பேஷாக இருக்கிறது. இந்தத் திருடனை மட்டும் அது இன்னும் பார்த்ததில்லை. வேண்டுமானால் அடுத்த தடவை அறிமுகம் செய்து வைக்கிறேன்."

சபை குலுங்கிச் சிரித்தது.

"அந்தப் படைக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?" என்றார் ராஜா.

"நல்ல சோறும் நிம்மதியான தூக்கமும்தான் சம்பளம், மன்னா."

ராஜாவும் சிரித்தார். பிறகுதான் சுற்றுமுற்றும் பார்த்தார். "என் மகள் எங்கே?"

இருளாயி தலை குனிந்தாள். "பொழச்சிட்டாங்க ராஜா. ஆனா முகமெல்லாம் தழும்பு. 'அப்பா உத்தரவு இருக்கே, நான் எப்படி அரண்மனைக்குள்ள வருவேன்'னு இக்கரையில படகை விட்டு எறங்காம உக்காந்திருக்காங்க."

 ராஜாவின் முகம் வெளுத்தது. ஒரு கை தானாகத் தன் அடர்ந்த தாடியைத் தடவியது.

அறவாழி கிட்டே போய், அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "சின்ன வயதில் தங்களுக்கும் அம்மை வந்ததே. ராஜமாதா தங்களை மடியில் போட்டுக்கொண்டு அழுதது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்தத் தாடி எதற்கென்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. நான் வாய் திறக்கவும் மாட்டேன்."

ராஜா தாடியிலிருந்து கையை எடுத்தார். பிறகு சபையே அதிரக் கூப்பிட்டார். "நாவிதரை வரச்சொல்லுங்கள்! இங்கேயே, இப்போதே!"

எல்லாரும் பார்க்கத் தாடி இறங்கியது. கன்னம் முழுக்கக் குழி குழியாகத் தழும்பு. மன்மதராயரின் கைக்கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது.

"நன்றாகப் பாரும் ராயரே. இந்த முகத்தையும் வெளியே அனுப்புவீரா?"

"மகாராஜா... நான்..."

"நான் போட்ட உத்தரவு செத்தது. வேலை இழந்தவர்கள் எல்லாரும் இன்றே உள்ளே வரட்டும். நீர் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் உம் கையால் மாலை போடும்."

"கிட்டே போயா?" என்றார் ராயர் பரிதாபமாக.

"கிட்டே போய்த்தான்! இருளாயிக்கு முதல் மாலை!"

சொல்லிவிட்டு ராஜா பல்லக்குக்குக்கூடக் காத்திருக்கவில்லை. செருப்பைக்கூட மறந்துவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினார். படகில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த கொன்றை, ஓடிவருகிறவர் யாரென்று தெரியாமல் விழித்தாள். குரல் கேட்டதும்தான் அடையாளம் கண்டாள். முக்காடு தானாக நழுவியது. கை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டாள்.

"அப்பா, உங்களுக்குமா?"

"உனக்கு ரொம்ப முன்னாலேயே, கண்ணு" என்று அவர் அவளை அப்படியே தூக்கிக் கரையில் இறக்கினார்.