சும்மாட்டில் ஏறிய பெயர்

கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, பள்ளிக்கூடங்களுக்கு லினக்ஸ் கணினிகள் கொடுத்து வந்தது. அவற்றில் மென்பொருள்களை ஏற்றி இறக்க ஒரு கருவி உண்டு, பெயர் சும்மாடு. ஆறு வருஷமாக அதைச் சீர்படுத்தி வந்தவள் செண்பகவல்லி, ஒப்பந்த ஊழியர்.

சும்மாட்டுக்கு ஒரு விருது அறிவித்தார்கள். வாசனை பட்டதும் மேலாளர் ஞானசிகாமணி வந்து நின்றார்.

“ஏம்மா, சும்மாட்டுல ‘பராமரிப்பவர்’னு உன் பேர் எதுக்கு? அதை எடுத்துட்டு என் பேரைப் போடு. மாட்டேன்னா, அடுத்த மாசம் உனக்கு ஒப்பந்தம் கிடையாது!”

“போட்டுடறனுங்க சார். எல்லா ஸ்கூல் ஸ்கிரீன்லயும் பேருக்குக் கீழே போன் நம்பரும் வரும். உங்க நம்பர்தானுங்களே?”

“பின்னே யாரோடது? பெரிய எழுத்துல போடு!”

போட்டாள். மறுநாள் பத்து மணிக்குள் நூற்றுப் பதினேழு பள்ளிகள் அவரை அழைத்துவிட்டன. பொள்ளாச்சி டீச்சருக்குத் தமிழ் எழுத்துரு ஏறவில்லை. பல்லடம் வாத்தியாருக்கு அப்டேட் பாதியில் கரண்ட் போய்விட்டது. எல்லோருக்கும் ஒரே கேள்வி: “நீங்கதானே பராமரிப்பவர்? இப்ப என்ன அடிக்கணும் சார்?”

ஞானசிகாமணி போனை அணைத்துவிட்டு ஓடிவந்தார். “அம்மா தாயே, என் பேரை எடுத்துடு!”

“பேரை மாத்துற அனுமதி பராமரிப்பவருக்கு மட்டுந்தானுங்க சார்.” கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள். “அடிங்க.”

ஆபீஸே எட்டிப் பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்ப என்னம்மா அடிக்கணும்?”

“அதைப் பராமரிப்பவரைத்தான் கேக்கணுங்க சார்!”

அன்று மாலை சும்மாட்டிலிருந்து அவர் பெயர் இறங்கியது. அதற்கு முன்பே செண்பகவல்லியின் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து ஏறியிருந்தது.