செத்த கெண்டைக்கு இடம் எங்கே?

கிட்டே வந்து உட்காருங்கள். காலை மடக்கிக்கொண்டால் இன்னும் இரண்டு பேருக்கு இடம் கிடைக்கும். இது தூண்டில்காரர்கள் கதை. காதை நல்லா வைத்துக் கேட்கணும், கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது.

மருதந்தாங்கல் ஏரியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட விடுவார்கள். அதற்கு ஆளுக்கொரு அட்டை. அட்டையைப் பிடுங்கிவிட்டால் அந்த வருஷம் முழுக்க ஏரிக்குள் கால் வைக்க முடியாது. இந்த வருஷம் கேட்டில் புதுசாக ஒரு போர்டு மாட்டினார்கள். ஒரு சாணுக்குக் குறைந்த மீன் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது. இது குடிக்கிற தண்ணீர், அதனால் செத்த மீனைத் தண்ணீரில் எறிவதோ, கரையில் போடுவதோ புதைப்பதோ கூடாது. கரையில் அடுப்பு மூட்டக் கூடாது. இரைக்கு மண்புழு, மாவு, மீன் எதுவும் ஆகலாம், பிளாஸ்டிக் மட்டும் ஆகாது.

தனித்தனியாகப் படித்தால் எல்லாம் நல்ல வரிதான். ஆனால் சின்ன மீன் சில சமயம் தூண்டில் முள்ளைக் குடல்வரை முழுங்கிவிடும். கழற்றுவதற்குள் செத்துப்போகும். அதை என்ன செய்வது என்று போர்டில் இல்லை.

முதலில் மாட்டியவர் கன்னியப்பன், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அரைச் சாண் கெண்டை ஒன்று அவர் கையிலேயே செத்தது. சத்தமில்லாமல் தண்ணீரில் வீசினார். அது வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு நேரே வாட்சர் தணிகாசலம் நின்ற படித்துறையில் போய் ஒதுங்கியது. அட்டை போச்சு.

அடுத்த வாரம் சலூன்கடை தேசிங்கு. நேர்மையான ஆள். செத்த கெண்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாட்சரிடமே போனார். "சார், நான் வீசலை, மறைக்கலை. நீங்களே வாங்கிக்குங்க."

தணிகாசலம் தலையில் கை வைத்துக்கொண்டார். "தேசிங்கு, என் நாற்காலி கேட்டுக்கு வெளியில இருக்கு. நீ சின்ன மீனோட கேட்டைத் தாண்டி வந்துட்டியேப்பா!"

அந்த அட்டையும் போச்சு.

"இதை எழுதினவன் ஒரு நாளாவது தூண்டில் பிடிச்சிருப்பானா?" என்று வேலிக்கு வெளியே நின்று கத்தினார் கன்னியப்பன்.

"எழுதினது நான் இல்லீங்க. நான் படிக்கிறவன்" என்றார் தணிகாசலம்.

மூன்றாவது வாரம் சகாயமேரி. ஜாக்கெட் தைக்கிறவள். ஆறு நாளும் கால் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கும். ஞாயிறு காலை மட்டும்தான் அந்தக் கால் தண்ணீரில் தொங்கும். அந்த அரை நாளுக்காகத்தான் மற்ற ஆறு நாளையும் பொறுத்துக்கொள்கிறவள். ஊசியும் நூல்கண்டும் இல்லாமல் எங்கேயும் போகமாட்டாள், ஏரிக்கும் அப்படித்தான் வந்திருந்தாள். அல்லி இலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கே முழங்கை நீளத்துக்கு ஒரு கிழட்டு விரால் இருக்கிறது. போட்டதையெல்லாம் தின்றுவிட்டு யார் கைக்கும் சிக்காமல் போவதால் அதற்கு 'மாமனார்' என்று பெயர்.

பதினொன்றரை மணிக்கு அவள் தூண்டிலிலும் ஒரு அரைச் சாண் கெண்டை முள்ளை முழுங்கிச் செத்தது. பன்னிரண்டுக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். தணிகாசலம் உள்ளே வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். வேலிக்கு வெளியே அட்டை இழந்த இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"சுட்டுத் தின்னுடு தங்கச்சி!" இது கன்னியப்பன்.

"அடுப்பு மூட்டக் கூடாதுங்க" என்றார் வாட்சர்.

"அப்ப பச்சையா முழுங்கட்டும்! அதுக்கும் விதி இருக்கா?"

வாட்சர் போர்டை நினைத்துப் பார்த்தார். "அதுக்கு இல்லீங்க. முழுங்கினா எனக்கு ஆட்சேபணை இல்ல."

"உங்க வாயைத் திறங்கண்ணே, போடறேன்" என்றாள் சகாயமேரி.

"எனக்குப் பல்செட்டும்மா!"

"பேசாம கொக்குக்குப் போட்டுடுக்கா" என்றார் தேசிங்கு.

"கொக்குக்குப் போட்டாலும் கரையில போட்டதுதானே" என்றார் வாட்சர். அவருக்கே பாவமாக இருந்தது.

சகாயமேரி செத்த கெண்டையைப் பார்த்தாள். வேலியில் நின்ற வாய்களைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பன்னிரண்டு மணிக்கு வெறுங்கையோடு, அட்டையோடு கேட்டைத் தாண்டி வந்தாள். தணிகாசலம் வழக்கப்படி பையை உதறிப் பார்த்தார், கரையைச் சுற்றிப் பார்த்தார், தண்ணீரையும் பார்த்தார். கெண்டை எங்கேயும் இல்லை. போர்டில் ஒரு வரியும் மீறப்படவில்லை. முழுக்கப் பக்கத்திலேயே நின்ற அவரே அதற்குச் சாட்சி.

சொல்லுங்கள் பார்ப்போம், அந்தக் கெண்டையை சகாயமேரி என்ன செய்தாள்?

யோசித்தாயிற்றா? சரி, சொல்கிறேன். தண்ணீர், கரை, கேட்டுக்கு வெளியே என்று மூன்று இடத்தையும் அடைத்த போர்டு, நாலாவதாக ஒரு இடத்தை மறந்துவிட்டது. அது வயிறு. இரைக்கு மீன் ஆகலாம் என்று போர்டே சொல்கிறது. முள்ளில் கோத்திருந்தால் மாமனார் மாட்டிக்கொள்ளும், அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனால் வயிற்றுக்குள் இருக்கிற சின்னதும் கேட்டைத் தாண்டும். அதனால் அவள் கெண்டைக்குள் இருந்த முள்ளைக் கழற்றி எடுத்தாள், வேறு முள்ளும் வைக்கவில்லை. தையல் நூலில், இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட்டுக் கெண்டையைக் கட்டினாள். எறியவில்லை. நூலைக் கையில் பிடித்தபடி அல்லி இலை ஓரம் இறக்கி, உயிர் இருக்கிற மாதிரி ஆட்டினாள். மாமனார் ஒரே வாயில் முழுங்கியதும் அவள் நூலை இழுக்க, முடிச்சு அவிழ்ந்து நூல் மட்டும் கைக்கு வந்தது. மாமனார் வழக்கம்போல நன்றி சொல்லாமல் போய்விட்டது. வேலியில் இருவரும் விசில் அடித்தார்கள். சகாயமேரி ஈர நூலைப் பாவாடையில் துடைத்து, ஒரு சாண் விடாமல் கண்டில் சுற்றிக்கொண்டு, ஓட்டை தெரிந்த வாட்சர் சட்டையில் அறுந்து தொங்கிய பட்டனை அதே நூலால் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.