பூட்டில்லாத மடக்குக் கத்தி

இலை அறுக்கக் கற்றுக்கொள்ள மாசாணம் வந்தபோது அவனுக்கு ஐம்பது வயது. கற்றுக்கொடுக்க வேண்டிய முப்பிடாதிக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரை வாழைத்தோட்டங்களில் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். பள்ளிக்கூடத்தை அவள் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். கூலிச் சங்கத்தின் துண்டுப்பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்தே எழுத்தறிந்தவள். அப்படிப் படித்தவர்கள் படித்ததை மறப்பதில்லை.

"அண்ணாச்சி ஒண்ணாங்கிளாஸ் சேர வந்திருக்காரு" என்றாள், கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி.

யாரும் சிரிக்கவில்லை. அவன் மனைவி பேச்சியைப் புதைத்துப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.

அவளைப் பாம்பு கடித்தது அந்தத் தோட்டத்தில்தான். இலை ஏற்றிய வண்டி பக்கத்திலேயே நின்றது. "மொதல்ல லோடு சந்தைக்குப் போகட்டும்" என்றான் மேஸ்திரி தவசி. வண்டி திரும்பி வந்தபோது அவளை ஏற்ற அவசரம் எதுவும் இல்லாமல் போயிற்று. ஆறு பெண்கள் அதைப் பார்த்தார்கள். இப்போது பேச்சியின் இடத்துக்கு ஆள் வேண்டும். அதனால் மாசாணம் வேலைக்கு வந்ததைத் தவசி தடுக்கவில்லை.

முப்பிடாதி இடுப்பிலிருந்து இடது கையால் கத்தியை எடுத்தாள். வலது கை எப்போதும் முந்தானைக்குள்தான் இருக்கும். பல்லால் கடித்து விரித்தாள். கிளிமூக்குப் போல வளைந்த அலகு.

"இது எதுக்கெல்லாம் ஆகும், தாயி?"

"பாருங்க."

இலைக்காம்பில் வளைவை மாட்டித் தன் பக்கம் இழுத்தாள். இலை கிழியாமல் கையோடு வந்தது. மாசாணம் வாங்கி வெளிப்பக்கமாகத் தள்ளினான். இலை நடுவில் கிழிந்து தொங்கியது.

"தள்ளாதீங்க. வளைஞ்ச கத்தி இழுத்தாத்தான் வெட்டும்."

மறுநாள் சருகு அரிந்தான், கட்டுக்கு நார் கிழித்தான். மூன்றாம் நாள், கழுத்தில் கயிறு முறுக்கி நாக்குத் தள்ளிக் கிடந்த ஓர் ஆட்டைக் காட்டினாள். கயிற்றுக்கு அடியில் வளைவை நுழைத்து இழுத்தான். ஆட்டின் தோலில் ஒரு கீறல் இல்லை.

"கை பழகிட்டு" என்றாள்.

"வேற எதுக்கு ஆகும்?"

அவள் ஆட்டை எழுப்பி விரட்டிவிட்டாள்.

நான்காம் நாள், பெண்கள் கஞ்சி குடிக்கப் போகும்வரை காத்திருந்தான்.

"ஒருத்தன் வயித்துல இறக்க ஆகுமா?"

"தவசி வயித்துலயா?"

"ஆமா."

"அதுக்குத்தான் பழக வந்தீங்களோ?"

"அம்பது வயசுல வேற எதுக்கு வருவேன்?"

அவள் ஒரு சாக்குத் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"விரல்ல சுத்திக்கிடுங்க. ரெண்டு மடிப்பு."

"சாக்கு எதுக்கு?"

"சுத்துங்க. சுத்திட்டு, குலை வெட்டின அந்த வாழையில இறக்குங்க. தவசின்னு நெனச்சுக்கிடுங்க."

அவனுக்கு நினைக்கக் கஷ்டமே இல்லை. இத்தனை நாளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். ஓங்கிக் குத்தினான்.

வளைந்த முனை மட்டையில் வழுக்கிச் சிக்கியது. அலகு மடங்கித் திரும்பிக் கைப்பிடிக்கே வந்தது. சாக்கின் இரண்டு மடிப்பும் அறுந்து விரல்களில் ரத்தம் கசிந்தது. வாழையில் நகம் பட்ட அளவுக்கு ஒரு கோடு.

முப்பிடாதி முந்தானையிலிருந்து வலது கையை எடுத்தாள். மூன்று விரல்கள் இல்லை.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு. கூலிக்காக நாப்பது நாள் வேலைநிறுத்தம். மறுநாள் பேச வாரேன்னு முதலாளி இறங்கி வந்துட்டான். அன்னைக்கு என்னை ஒரு சொல் சொன்னான். கத்தியை அவன் வயித்துக்கு ஓங்கிட்டேன். மடக்குக் கத்திக்கு அலகை நிறுத்துற பூட்டு கிடையாதுங்கிறது எனக்கு ஞாபகம் வரலை. நான் சாக்கும் சுத்தலை."

"பேச்சுவார்த்தை?"

"போலீஸ் வந்துது. வேன் நெறைய ஆளு போச்சு. மிச்சப்பேரு பழைய கூலிக்கே தோட்டத்துல இறங்கினாங்க."

"முதலாளி?"

"போன மாசம் பேரனுக்குக் காதுகுத்து. பந்திக்கு நான்தான் இலை அறுத்தேன்."

மாசாணம் வாழையில் விழுந்திருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ பேச்சிக்காக யாரு கேக்குறது, தாயி?"

"பார்த்த ஆறு பேரும் நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல பேச்சி சாவு விசாரணையில வந்து சொல்றேங்காங்க. நானும் கூடப் போறேன். எங்க பங்கு இலை அறுக்காமக் கிடந்தா, அடுத்த நாள் ஏழு பேருக்கும் வேலை இல்லைன்னுருவான் தவசி. அந்தப் பயத்துல ஒருத்தி வராம நின்னாலும் மத்தவளுகளும் நின்னுருவாளுக. நாளைக்கு எங்க பங்கையும் நீங்கதான் அறுக்கணும்."

கத்தியை வாழைமட்டையில் துடைத்து, மடக்கி, அவன் காயம்பட்ட கையில் வைத்தாள்.

அவன் விரல்களை மூடாமல் அதைப் பிடித்திருந்தான்.

"தவசி வந்து எதிர்ல நிப்பானே."

"நிப்பான். சிரிக்கக்கூடச் செய்வான். நீங்க உங்க பக்கமா இழுத்து அறுங்க, அண்ணாச்சி."