கெட்டுப்போன காயில்கள்

குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இந்தக் குருவுக்கு வயது இருபத்தெட்டு. பெயர் கோகிலவாணி. கிள்ளான் நகரில் ஒரு கடைவரிசையின் கடைசிக் கடையில் வேப் எனும் மின்சிகரெட் விற்பவர், பழுதுபார்ப்பவர். சீடர் பக்கிரிசாமிக்கு ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டினார். தொழிற்சாலையை மூடிவிட்டதால் இங்கே வேலை பழக வந்து ஒரு மாதம் ஆகிறது.

பஸ் கண்ணாடியை நாளுக்கு இரண்டு தரம் துடைத்த கை சும்மா இருக்குமா? போன வாரம் கடையிலிருந்த வேப் காயில்களையெல்லாம் உறையிலிருந்து பிரித்து, ஸ்பிரிட் தொட்டுப் பளபளவென்று துடைத்து அடுக்கினார்.

காயில் என்பது விரல் நுனி அளவு உலோகக் குழாய். உள்ளே இருக்கும் கம்பி சூடாகித் திரவத்தைப் புகையாக்கும். அந்தக் கடையில் மின்தடை அளவுப்படி மூன்று வகை: 0.3 ஓம், 0.6 ஓம், 0.9 ஓம். எண் குறையக் குறையச் சூடு அதிகம், புகையும் அதிகம். கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். மேலே மையில் அச்சடித்த குட்டி எண் ஒன்றுதான் வித்தியாசம். பக்கிரிசாமியின் ஸ்பிரிட் தூசியோடு அந்த எண்ணையும் கொண்டுபோய்விட்டது.

வாணி திட்டவில்லை. ஓம் அளக்கும் மீட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"அளந்து பிரிச்சு வைங்க அங்கிள்."

பக்கிரிசாமி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து அளந்தார், பிரித்தார், தட்டு தட்டாக வைத்து லேபிள் ஒட்டினார். தன் கைவேலையில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தத் தட்டிலிருந்து காயில் வாங்கியவர்களில் ஒருவர் குணாளன், லாரி ஓட்டுநர். இருபத்தைந்து வருடச் சிகரெட். டாக்டர் நுரையீரல் படத்தைக் காட்டி, "இனி ஒண்ணு பத்தவச்சாலும் என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார். குணாளன் வாணியிடம் வந்தார். சிகரெட் போலவே மெல்லப் புகை தரும் 0.9 காயில் கொடுத்து, வாணி ஓர் ஒப்பந்தம் போட்டார்: மாதாமாதம் நிக்கோட்டினைக் குறைப்பது, ஆறாம் மாதம் இந்தக் கருவியையும் கீழே வைத்துவிடுவது. இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது.

இன்று மத்தியானம் குணாளன் இருமிக்கொண்டே கடைக்குள் வந்தார். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை; முதல் இரண்டு தடவையும் பக்கிரிசாமி 0.9 தட்டிலிருந்தே வேறு காயில் போட்டு அனுப்பியிருந்தார்.

"அண்ணே, நெஞ்சு எரியுது. ரெண்டு இழுப்புல தல சுத்துது. லாரிய ஓரங்கட்டிட்டு உக்காந்துட்டேன்."

"மெதுவா இழுக்கணும்லா," என்றார் பக்கிரிசாமி.

"மெதுவாதாண்ணே இழுக்கிறேன். இதுக்குச் சிகரெட்டே தேவல போல இருக்கு."

"வச்சிட்டுப் போங்க. பாத்து வைக்கிறேன்."

குணாளன் கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்து உணவகத்தில் தேத்தண்ணி குடிக்கப் போனார். அவர் முதுகு மறைந்ததும் பக்கிரிசாமி குருவின் பக்கம் திரும்பினார்.

"வாணிம்மா, ஒண்ணு கேக்கணும். காயிலப் பிரிக்க மீட்டர் இருக்கு. ஆள எப்படிப் பிரிக்கிறது? இவன் விடுவான், இவன் விடமாட்டான்னு?"

"ஏன் அங்கிள்?"

"குணாளன் விடமாட்டாரு. சும்மா சும்மா வந்து நொட்டை சொல்றாரு. சாக்கு தேடுறாரும்மா. எனக்குத் தெரியாதா? நானே பத்து தடவ விட்டவன்."

சொன்னவரின் சட்டைப் பையில் அப்போதும் ஒரு சிகரெட் பாக்கெட் இருந்தது.

வாணி மீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நீங்க பிரிச்சு வச்சதக் கொண்டாங்க."

தட்டுகள் வந்தன. 0.3 என்று எழுதிய தட்டு காலி.

"பாயிண்ட் மூணு ஒண்ணுகூட இல்லையா?"

"இல்லம்மா. வித்துப் போயிருக்கும்."

"அந்த டின்னுல என்ன?"

"அதெல்லாம் கெட்டுப்போனது. அளந்தா ஒண்ணு பாயிண்ட் ரெண்டுன்னு காட்டுது. அப்படி ஒரு காயில் நம்ம கடையில ஏது? நாளைக்குக் குப்பையில போட்டுருவேன்."

வாணி மீட்டரை முடுக்கினார். காயில் எதையும் எடுக்கவில்லை. சிவப்பு வயரின் முனையையும் கறுப்பு வயரின் முனையையும் ஒன்றோடொன்று முட்ட வைத்தார்.

"என்ன காட்டுது?"

"பாயிண்ட் மூணு."

"நடுவுல காயில் இருக்கா?"

"இல்ல."

"அப்ப இது யாரோடது?"

பக்கிரிசாமி மீட்டரைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"வயரோடதாம்மா?"

"ஆமா. எத அளந்தாலும் இது தன்னோடதயும் சேத்துத்தான் சொல்லும். மொதல்ல முனைய முட்ட வச்சுப் பாத்து, வர்றதக் கழிச்சிரணும். அதச் சொல்லிக் குடுக்காதது என் தப்பு."

பக்கிரிசாமி விரல்விட்டுக் கணக்குப் போட்டார். 0.6 தட்டில் இருந்தவை 0.3. 0.9 தட்டில் இருந்தவை 0.6. அப்படியானால் குப்பைக்குப் போக இருந்த டின்னில்...

"ஐயோ. குணாளனுக்கு நான் குடுத்தது பாயிண்ட் ஆறா?"

"அவரு ஊத்துற ஃபிளேவர் திரவத்துல நிக்கோட்டின் இன்னும் அதிகமாத்தான் இருக்கு. அந்தச் சூட்டுல இழுத்தா தல சுத்தத்தான் செய்யும்."

பக்கிரிசாமியை வெட்கம் பிடுங்கித் தின்றது. டின்னைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக மறுபடி அளந்தார், கழித்தார். பதினேழு காயில், எல்லாமே 0.9. ஒன்றுகூடக் கெட்டுப்போகவில்லை.

தட்டுகளின் லேபிளை மாற்றி ஒட்டினார். டின்னிலிருந்து ஒன்றை எடுத்துக் குணாளனின் கருவியில் பொருத்தி, திரவம் விட்டு, உள்ளே பஞ்சு ஊறும்வரை காத்திருந்தார். குணாளன் வந்ததும் எழுந்து நின்றார்.

"குணா, தப்பு என்மேல. ஒவ்வொரு தடவையும் தப்பான காயிலத்தான் குடுத்திருக்கேன். உங்க இழுப்புல ஒரு குத்தமும் இல்ல."

குணாளன் பயந்து பயந்து ஒரு தடவை இழுத்தார். இருமல் வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார்.

"இதாண்ணே! மொதல்ல தங்கச்சி குடுத்தது இதான்!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குத்தான் முடியல போலன்னு நெனச்சிட்டேன். நேத்து வீட்டுக்காரிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

வாணியிடம் கைகூப்பிவிட்டுப் போனார். வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

பக்கிரிசாமி கொஞ்ச நேரம் தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தார். மனசு ஆறவில்லை.

"சரிம்மா, காயில் விஷயம் புரிஞ்சிருச்சு. ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலியே. அவரு விடுவாரா, மாட்டாரா?"

"சிகரெட் எங்க கிடைக்கும் அங்கிள்?"

"எதிர்ல மினிமார்க்கெட்லயே கிடைக்குமே."

"நாம குடுத்த காயில் அந்த மனுசனோட நெஞ்ச எரிச்சிச்சு. அப்பவும் அவரு ரோட்டத் தாண்டிப் போகல. மூணு தடவையும் இங்கதான் வந்தாரு."