ஞொப்பிளி என்னும் நோய்

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைத் துளைக்காதீர்கள், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு வருஷம் அவருக்குப் பட்டம் விடப் பிடிக்கும்; ஊரே வேலையை விட்டுவிட்டுப் பட்டம் விட வேண்டும். மறு வருஷம் பல்லி சாஸ்திரம் பிடிக்கும். மந்திரிகள் சுவரைப் பார்த்தபடி நடந்து தூணில் முட்டிக்கொள்வார்கள். இந்தக் கதை நடந்த வருஷம் அவருக்குப் பிடித்தது ‘ஞ’ என்ற எழுத்து.

அதைப் பிடிக்க வைத்தவர் ஏகநாயகப் புலவர். அவையில் அவர்தான் பெரும்புலவர். தினமும் காலையில் ஏட்டுச்சுவடியிலிருந்து ஒரு பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்து வருவார். “மன்னா, இன்றைய சொல் ஞமலி. நாய் என்று பொருள்” என்பார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அன்று முழுக்க அரண்மனையில் நாய் கிடையாது, ஞமலிதான். மறுநாள் நண்டு ஞெண்டானது. அதற்கு அடுத்த நாள் தேனீ ஞிமிறு ஆனது. எமன்கூட ஞமன் ஆகிவிட்டான்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். அந்த அவையில் ராஜாவின் பாட்டனார் காலத்து வழக்கம் ஒன்று உண்டு. யாராவது ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டால், தோளில் கிடக்கும் பட்டுச் சால்வையை அவிழ்த்து வாசல் காவலனிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அதனால் அந்த வார்த்தையை யாரும் வாயில் வைப்பதே இல்லை. “ஞமலிக்குச் சோறு வைத்தாயிற்றா?” என்று ராஜா கேட்டால், சமையற்காரன் ஒன்றும் புரியாமல், “ஆயிற்று, மகாராஜா” என்று கும்பிடுவான். வேட்டை நாய்கள் பட்டினி கிடக்கும். “ஞாட்புக்குப் புறப்படு” என்று ராஜா சொன்னபோது சேனாதிபதி அது ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டார். படையோடு போய் எங்கெங்கோ சுற்றிவிட்டு, “பார்த்துவிட்டு வந்தேன், செழிப்பான ஊர்” என்றார். ஞாட்பு என்றால் போர். நல்லவேளை, எதிரி அந்தப் பக்கம் வரவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ராஜாவின் இடப்பக்கம் நின்றவர் அம்பலக்கூத்தர். அவையின் விகடகவி. தலை நரைத்துவிட்டது, முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. வாலிபத்தில் வந்தவர், ராஜா கோபப்பட்டால் சிரிக்க வைப்பது, ராஜா சோர்ந்தால் சிரிக்க வைப்பது, ராஜாவுக்கு அஜீரணம் என்றாலும் சிரிக்க வைப்பது என்று காலம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் ராஜா அவர் பக்கம் திரும்பினாலே கூத்தர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். இன்னும் ஒரு விகடம் வேண்டுமே என்ற அலுப்பு.

ஊரில் அவர் மனைவி தையல்நாயகி இருந்தாள். இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி, அந்த வருஷம் முழுதாகவே போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரி வந்து சோறு வடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். தையல்நாயகி தட்டைத் தடவிப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். கூத்தர் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது அதைப் பார்த்துவிட்டார். அவள் ஒன்றும் குறை சொல்லவில்லை. “அரண்மனையில இன்னிக்கு என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க? எனக்கும் சொல்லுங்களேன்” என்று மட்டும் கேட்டாள். இவருக்கு வாய் திறக்கச் சத்தில்லை. ஊரையெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வெறும் சக்கையாக வந்து நிற்கிறோமே என்று நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் ராஜாவிடம் விடைகொடுக்கும்படி கேட்டார். ராஜா சிரித்தார். இதுவும் விகடம் என்று நினைத்துவிட்டார். கூத்தர் ‘தெரியாது’ என்று சொன்னாலும் விகடம் என்றுதான் சிரிப்பார். கூத்தர் மறுபடி கேட்டார். “பங்குனி போகட்டும், கூத்தா” என்றார் ராஜா. பங்குனி போயிற்று. கூத்தர் மூன்றாம் முறை கேட்டபோது ராஜா மடியில் நிகண்டு விரிந்து கிடந்தது.

“சரி, கூத்தா. நமது ஏகநாயகப் புலவருக்குப் பொருள் தெரியாத ஒரு ஞகரச் சொல்லை நாளைக் காலை அவைக்குக் கொண்டு வா. கொண்டு வந்தால் உனக்கு விடுதலை. அவர் பொருள் சொல்லிவிட்டாரோ, உயிர் உள்ளவரை நீ இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. இது எமது வாக்கு.”

அவை கைகொட்டியது. கூத்தருக்கு மட்டும் பெரிய மூச்சு ஒன்று வந்தது, நிம்மதியில். ஏன் என்றால், இந்த அவையில் அவரை விரட்ட வேண்டும் என்று நாள்தோறும் சாமி கும்பிடுகிற ஆள் ஒருவர் உண்டு என்றால் அது ஏகநாயகப் புலவர்தான். புலவர் நாற்பது வரியில் ராஜாவைப் புகழ்ந்து பாடுவார். ராஜா கொட்டாவி விடுவார். கூத்தர் ஒரு தும்மல் போடுவார். ராஜா விழுந்து விழுந்து சிரிப்பார். இந்த எரிச்சல் புலவருக்குப் பல வருஷமாக உண்டு. ஆகவே நாளைக்கு அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். அவருக்குத் தொல்லை ஒழிந்தது, இவருக்கு வீடு கிடைத்தது. இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு கூத்தர் அன்று மூட்டையைக்கூடக் கட்டி வைத்தார்.

மறுநாள் காலை, வாய் கொப்பளிக்கும்போது வாயில் வந்ததை ஒரு சொல்லாக்கிக்கொண்டு அவைக்குப் போனார்.

“கொண்டு வந்தாயா, கூத்தா?”

“கொண்டு வந்தேன், மன்னா. சொல் ஞொப்பிளி. பெரும்புலவர் பொருள் கூறட்டும்.”

ஏகநாயகப் புலவர் எழுந்தார். புலவருக்கு ஆசை ஒரு பக்கம் இழுத்தது, ‘தெரியாது என்று சொல்லித் தொலை, இவன் போய்விடுவான்’ என்று. தோளில் கிடந்த சால்வை மறுபக்கம் இழுத்தது. அத்தனை பேர் எதிரில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதா! கூத்தர் கண்ணாலேயே கெஞ்சினார். ‘சொல்லுமய்யா, ஒரு வார்த்தைதானே, உமக்கும் நல்லது எனக்கும் நல்லது.’

புலவர் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“ஞொப்பிளி தொன்மையான சொல், மன்னா. பலர் மறந்தது. நான் மறக்கவில்லை.”

கூத்தர் தூணைப் பிடித்துக்கொண்டார்.

புலவருக்கோ பேசப் பேச வழி தெரிந்தது. சால்வையும் போகாமல் கூத்தரும் தொலைய ஒரு வழி. “ஞொப்பிளி என்பது ஒரு நோய். கண் உள்ளே போகும். உணவு சுவைக்காது. படுத்தால் உறக்கம் வராது, நின்றால் உறக்கம் வரும். நல்ல சொல்லைக் கேட்டாலும் உள்ளம் மகிழாது. இந்த விகடகவியின் முகத்தைப் பாருங்கள்! தமக்கு வந்த நோயின் பெயரைத்தான் அவர் இங்கே கூறியிருக்கிறார். கொடிய தொற்றுநோய், மன்னா. இவரை இங்கே வைத்திருக்கவும் கூடாது, ஊருக்கு அனுப்பவும் கூடாது. எல்லைக்கு அப்பால் காட்டில் தனிக்குடிசை போட்டு வைக்க வேண்டும். மனைவி மக்கள் எவரும் அண்டக் கூடாது.”

அவையில் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் கூத்தரை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். கூத்தருக்குத் தையல்நாயகி தட்டைத் தடவுகிற விரல்கள் கண்ணில் வந்தன. கோபம் வர வேண்டிய இடம்தான். கோபப்படவும் தெம்பில்லை. ஆனால் ராஜாவைத் திரும்பிப் பார்த்தவருக்கு ஒரு விஷயம் தெரிந்தது. ராஜா தம் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கூத்தர் பேசினார்.

“புலவர் கூறியது அத்தனையும் உண்மை, மன்னா. கண் உள்ளே போயிற்று. சோறு மண்ணாக இருக்கிறது. எனக்கு ஞொப்பிளிதான். தொற்றுநோய் என்கிறார். இத்தனை காலம் தங்கள் அருகிலேயே நின்றேனே என்பதுதான் என் கவலை.”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எமக்கும் உறக்கம் இல்லை, கூத்தா. நேற்று ஞெண்டுக் குழம்பு வைத்தார்கள். வைக்கோலைத் தின்றது போல இருந்தது. புலவரே! எமக்கும் தொற்றிவிட்டது. மருந்து என்ன?”

புலவருக்கு வியர்த்தது. ஆனால் இத்தனை தூரம் வந்தாயிற்று. கூத்தர்தானே குடிக்கப்போகிறார் என்ற நினைப்பில் ஏற்கெனவே ஒரு மருந்து நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அது அப்படியே விழுந்துவிட்டது. “எட்டிக்கொட்டைக் கஷாயம், மன்னா.”

எட்டிக்கொட்டை ஆளைக் கொல்லும் என்பது அந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. புலவர் சொன்னது தவறு என்றால் சரியான மருந்து எது என்று ராஜா கேட்பார். அதற்கு யார் பதில் சொல்வது? வைத்தியர்கூடக் கூரையைப் பார்த்தார்.

“காய்ச்சிக் கொண்டு வாருங்கள்” என்றார் ராஜா.

அரண்மனையில் உத்தரவு என்றால் உத்தரவுதான். கொஞ்ச நேரத்தில் வெண்கலக் கிண்ணத்தில் கறுப்பாக ஒன்று வந்தது. ராஜா கையை நீட்டினார். கூத்தர் குறுக்கே போய்க் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

“பொறுங்கள், மன்னா. தாங்கள் உண்பதை முதலில் ஒருவர் சுவைத்துக் காட்டுவது வழக்கம். அதோடு புலவரும் நம் இருவர் அருகில் நின்றவர்தாம். அவரையும் ஞொப்பிளி பிடித்திருக்கும். மருந்து கூறியவரே முதலில் அருந்தட்டும். பிறகு தாங்கள், அதன் பிறகு நான்.”

கிண்ணத்தைப் புலவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் காதருகே குனிந்து, மெதுவாக, கேலியே இல்லாமல் சொன்னார்: “ஒரு வார்த்தை இருக்கு, ஐயா. அதைச் சொல்லிட்டா நாம மூணு பேரும் பிழைச்சுக்கலாம். இதைக் குடிக்க மட்டும் உம்மை விடமாட்டேன். கையைத் தட்டிவிட்டுருவேன். ஆனா நீரே சொன்னா நல்லாருக்கும்.”

புலவர் கிண்ணத்தை உயர்த்தியபோது கஷாயம் சால்வையில் சிந்தியது. ராஜாவைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

“மன்னா… தெரியாது.”

“என்ன கூறினீர்?”

“தெரியாது, மன்னா! ஞொப்பிளி என்றால் எனக்குத் தெரியாது. மருந்தும் தெரியாது. அப்படி ஒரு சொல் உண்டா என்பதே தெரியாது!”

புலவர் சால்வையை அவிழ்க்கத் தொடங்கினார். ராஜா கூத்தரைப் பார்த்தார்.

“கூத்தா, அப்படி ஒரு சொல் உண்டா?”

“காலையில் வாய் கொப்பளிக்கும்போது நான் கட்டியது, மன்னா.”

“அப்படியென்றால் எமக்கு நோய் இல்லை?”

“நோய் உண்டு. புலவர் கூறிய அடையாளம் எல்லாம் நம் இருவருக்கும் உண்டு. நாம் இருவரும் களைத்துப் போயிருக்கிறோம், மன்னா. அவ்வளவுதான்.”

ராஜா மறுபடி கண்ணுக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். முதலில் தொண்டைக்குள், பிறகு வயிறு குலுங்க, பிறகு கிரீடத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சிரித்தார். ராஜா சிரித்தால் எல்லோரும் சிரிக்க வேண்டும்; ஆனால் அன்று எல்லோரும் நிஜமாகவே சிரித்தார்கள். வாசல் காவலன் சிரித்தான். கஷாயம் சிந்திய சால்வையோடு நின்ற ஏகநாயகப் புலவருக்குக்கூட அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“சால்வை உம்மிடமே இருக்கட்டும், புலவரே. இந்த அவையில் முதன்முதலாக உண்மை பேசியவர் நீர்” என்றார் ராஜா. “இன்று முதல் தெரியாததைத் தெரியாது என்று கூறலாம். ஞகரம் போதும். நாய் நாயாகவே இருக்கட்டும்.”

சொன்னதுதான் தாமதம், சமையற்காரன் ஓடி வந்து காலில் விழுந்தான். “மகாராஜா, ஞமலின்னா நாய்னு எனக்குத் தெரியாதுங்க!” என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

பிறகு ராஜா கூத்தருக்கு முத்துமாலையும், ஊருக்குப் போகப் பல்லக்கும், அவரும் மனைவியும் ஆயுசுக்கும் சாப்பிட நெல்லும் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“நீ களைத்தால் போவதற்கு வீடு இருக்கிறது, கூத்தா. எமக்கு இதுதான் வீடு. மாதம் ஒருமுறையாவது வந்து போவாயா?”

கூத்தருக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷமும் அப்படித்தான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

“தெரியாது, மன்னா” என்றார்.

ராஜா அதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையை விட்டார்.

பல்லக்கு ஊர் போய்ச் சேர்ந்தபோது தையல்நாயகி சோற்றுக்கு உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுகொண்டாள்.

“என்னங்க, திருவிழாகூட இல்லையே?”

“வந்துட்டேன், தையலு. இனிமே போகலை.”

அவள் கையால் துழாவி இன்னொரு தட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ரசமும் கத்தரிக்காயும்தான். கூத்தர் ஒரு வாய் வைத்தார். புளிப்பும் காரமும் நாக்கில் உறைத்தது. உறைத்ததே என்று கண் கலங்கியது.

“அரண்மனையில என்ன நடந்துச்சு? இன்னிக்காவது சொல்லுங்களேன்” என்றாள் அவள்.

கூத்தர் சொல்ல ஆரம்பித்தார். ஞமலி, பட்டினி கிடந்த நாய், ஊர் சுற்றி வந்த சேனாதிபதி என்று ஒவ்வொன்றாக வந்தது. தையல்நாயகி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிண்ணம் புலவர் கைக்குப் போன இடம் வந்தது. புலவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை என்றார் கூத்தர்.

“அப்புறம்?”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“சொல்லுங்க, அப்புறம் புலவரு என்ன சொன்னாரு?”

மெல்லக் குறட்டைச் சத்தம் வந்தது. உட்கார்ந்தபடியே, எச்சில் கையோடு, சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். தையல்நாயகி அவர் கையைத் தேடிப் பிடித்துத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். எழுந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று தன் சோற்றை அங்கேயே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாள்.